வடக்கு அறைச் சுவரில் உள்ள கை தொடர்பாக

அனுப்புநர்: கோட்டைக் காவலாளி (ஓய்வு)
பெறுநர்: ஆசிரியர், பாரம்பரியச் சின்னங்கள் துறை மாத இதழ், தலைமை அலுவலகம்
பொருள்: அட்டைப்படக் கட்டுரையில் உள்ள பிழை – திருத்தம் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் வயதுக்குத் தகுந்த நலத்துடன் இருக்கிறோம். அதாவது எனக்கு வலது முழங்கால் போய்விட்டது, அவளுக்கு இடது முழங்கால். இரண்டு பேரும் கைகோத்து நடந்தால் ஒரு நல்ல ஆள் நடப்பதுபோல் இருக்கும். அங்கு தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி என்பது எனக்கு மறந்துபோய்விடவில்லை. ஆனாலும் இந்தக் கடிதம் தம்பிக்கு அல்ல, ஆசிரியர் நாற்காலிக்கு. தம்பிக்கு எழுதினால் பதில் வருவதில்லை. கடைசியாக எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் எங்கள் வீட்டு வாசல் கதவு இரண்டு தடவை பெயின்ட் மாறிவிட்டது. நாற்காலிக்கு எழுதினால் பதினைந்து நாளில் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று ஓர் அட்டையாவது வருமாமே, அதுவே எங்களுக்குப் பெரிது.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் இதழ் போன வாரம் தபாலில் வந்தது. அட்டையில் நம் கோட்டையின் வடக்கு அறைச் சுவர். சுவரில் ஒரு சின்னக் கைத்தடம். தலைப்பு 'அறுநூறு ஆண்டுகளாக அசையாத பிஞ்சுக் கை'. தமிழ் அருமை, குறை சொல்ல முடியாது, தாங்கள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பலசரக்குக் கடைக்குச் சாமான் பட்டியல் எழுதினாலும் அதில் ஓர் எதுகை இருக்கும். என் மனைவி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உரக்க வாசித்தாள். உலகத்தில் எத்தனையோ குகைகளில், கோட்டைகளில், பாறைகளில் மனிதர்கள் கையைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதுவரைக்கும் நன்றாக வாசித்தாள். 'இந்தக் குழந்தை யார் பெற்றதோ, பெயர் என்னவோ, காலம் அதை நமக்குச் சொல்லப்போவதில்லை' என்ற இடம் வந்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. அவள் வரவில்லை. நான்தான் துடைத்தேன்.

ஐயா, அது அறுநூறு வருஷத்துக் கை இல்லை. முப்பத்தொரு வருஷத்துக் கை. யார் பெற்றதோ இல்லை, நாங்கள் பெற்றது. அது நம்ம கடுகு கை.

நாற்காலி மன்னிக்கணும், இதுக்கு மேல 'தாங்கள்', 'தங்கள்'னு எழுத எனக்குக் கை வரலை. மாப்பிள்ளை, நீயே கேட்டுக்கோ. கடுகுன்னு பேர் வெச்சதே நீதான். ஆள் இத்தனூண்டு, காரம் மட்டும் தலைக்கு ஏறுதுன்னு சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்போ டீச்சர் பேர் கேட்டதுக்கு அவளே 'கடுகு'ன்னு சொல்லிட்டா. அந்தக் கையைத்தான் நீ அட்டையில போட்டு, பேர் என்னவோன்னு கேட்டிருக்கே.

நடந்தது இதுதான். அந்த வருஷ மழையில வடக்கு அறையில ரெண்டு முழத்துக்குச் சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்துடுச்சு. துறையில இருந்து ஒரு கொத்தனாரை அனுப்பினாங்க. பழைய பக்குவத்துலதான் சாந்து அரைக்கணும், சிமென்ட் ஒரு சிட்டிகை பட்டாலும் வேலை போயிடும்னு அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. மனுஷன் நாலு நாள் அரைச்சு, தொட்டி நிறைய சாந்து வெச்சுட்டு, பாதிச் சுவர் பூசிட்டு, மச்சினி கல்யாணம்னு போனவர் போனவர்தான். மறுநாள் காலையில இன்ஜினியர் பார்வையிட வர்றார்னு தகவல். சுவர் பாதியில நிக்குது. காவலாளிக்கு எதுக்குடா இந்த வேலைன்னு நீ கேட்பே. அந்தக் கோட்டையில ஒரு பல்லி வால் விழுந்தாலும் என்னைத்தானே கேட்பாங்க! கரண்டியை எடுத்து மீதியை நானே பூசிட்டேன். சத்தியமாச் சொல்றேன், கொத்தனார் பூசினதைவிட நல்லா வந்துச்சு. உங்க அக்கா சாப்பாட்டுத் தூக்கோட வந்தா, கூடவே கடுகு. நான் கை கழுவத் திரும்பினேன், அவ்வளவுதான். 'அப்பா, சுவர் ஜில்லுன்னு இருக்கு'ன்னா. திரும்பிப் பார்த்தா அஞ்சு விரலும் பதிஞ்சாச்சு.

கரண்டி என் கையிலதான் இருந்துச்சு மாப்பிள்ளை. ஒரு இழுப்பு இழுத்தா அழிஞ்சிருக்கும். உங்க அக்காகூட 'இன்ஜினியர் வர்றாருங்க, அழிச்சிடுங்க'ன்னா. இவ நிமிர்ந்து பார்த்து, 'அழிச்சா வலிக்கும்'னா. சுவருக்கா அவளுக்கான்னு சொல்லலை. நான் கரண்டியைக் கழுவி வெச்சுட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் காவல் பதிவேட்டுல எழுதினேன், 'சாந்து ஈரமாக இருக்கையில் குழந்தை கை வைத்துவிட்டது' என்று. எழுதினதுக்கு அப்புறம்தான் பயம் வந்துச்சு. பதிவேட்டுல பக்கத்தைக் கிழிக்கவே கூடாது, அது உனக்கும் தெரியும், தப்பா எழுதினா குறுக்கே கோடு போட்டு 'மேலே கண்டது ரத்து'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்படியே போட்டேன். கீழே, 'சுவர்ப் பழுது சரிசெய்யப்பட்டது. அசம்பாவிதம் ஏதுமில்லை'னு எழுதினேன். இன்ஜினியர் மறுநாள் வந்து வாசல்லேயே நின்னு எட்டிப் பார்த்துட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டார். நான் ராத்திரி பகல் பயந்தது மிச்சம். அந்தப் பயத்துல, நேர்காணலுக்கு ஊருக்குப் போயிருந்த உன்கிட்டகூட நாங்க சொல்லலை.

இப்போ நீ கேட்பே, அறுநூறு வருஷம்னு நிபுணர்கள் சொல்றாங்களே, அவங்க என்ன முட்டாளான்னு. முட்டாள் இல்லை, படிச்சவங்க. தப்பு பூராவும் என் மேலதான். போன வருஷம் ஆய்வுக்குழுன்னு ரெண்டு பேர் வந்தாங்க, ஒரு தொப்பிக்காரர், ஒரு கண்ணாடி அம்மா. அந்த அம்மா கண்ணாடி கழன்று கீழே விழுந்து, அதைத் தேட மண்டி போட்டப்போதான் கை அவங்க மூக்குக்கு நேரா இருந்திருக்கு. ஒரே கூச்சல். ஓய்வுபெற்று ஏழு வருஷமான என்னை ஜீப் அனுப்பிக் கூப்பிட்டாங்க. 'பெரியவரே, இது எவ்வளவு நாளா இருக்கு?'ன்னு தொப்பிக்காரர் கேட்டார். 'ரொம்ப நாளா இருக்குங்க'ன்னேன். அவர் நோட்டுல 'நெடுங்காலமாக'ன்னு எழுதினார். வயசு பார்க்கக் கொஞ்சம் பூச்சை எடுக்கணும்னு சின்ன உளியைக் கொண்டுபோய் நேரா அந்தச் சுண்டுவிரல்கிட்ட வெச்சாங்க மாப்பிள்ளை. என்னையும் அறியாம, 'ஐயோ அங்கே வேண்டாம், இங்கே எடுங்க!'ன்னு கையைப் பிடிச்சு அரை முழம் தள்ளிக் காட்டிட்டேன். அது அசல் பழைய பூச்சு. அதைத்தான் எடுத்துட்டுப் போனாங்க. அது அறுநூறு வருஷம்னு சொல்லாம வேற என்ன சொல்லும்! அந்தக் கொத்தனார் அரைச்ச சாந்தும் என் பூச்சும் பார்வைக்குக் கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியலை, அதுல எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்துச்சு, சொல்லிக்க வேண்டியதுதானே.

அப்புறம் விளக்கப் பலகை வெச்சாங்க. மூணு மொழியில. அதுல என்ன இருக்குன்னு நீ உன் கட்டுரையிலேயே எழுதியிருக்கே. கை தரையில இருந்து ரெண்டரை அடி உயரத்துல இருக்கிறதால 'மண்டியிட்டு வணங்கும் நிலையில் பதித்தது'ன்னு தொப்பிக்காரர் சொல்றார். நாலு வயசுப் பிள்ளை நின்னா அவ்வளவு உயரம்தான்னு வீட்டுல பிள்ளை வளர்த்தவன் யாரும் சொல்லியிருப்பான். அடுத்தது அந்த மோதிர விரல். மற்ற விரலைவிடத் தடிமனா, சொரசொரன்னு, துணி சுத்தின மாதிரி பதிஞ்சிருக்கே, அதுக்குக் கண்ணாடி அம்மா 'ஏதோ ஒரு சபதத்தின் அடையாளமாகத் துணி சுற்றப்பட்ட விரல்'னு சொல்றாங்க. நீ அதுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, 'என்ன சபதமோ, யாருக்கான சபதமோ'ன்னு உருகி உருகி எழுதியிருக்கே.

மாப்பிள்ளை, நெஞ்சுல கை வெச்சு யோசிச்சுப் பாரு. அதுக்கு மூணு நாள் முன்னாடி எங்க வீட்டு பீரோ கதவைப் பார்க்காமச் சாத்தினது யாரு? வேலைக்கான நேர்காணல்னு தலையைச் சீவிக்கிட்டு, கண்ணாடியிலேயே கண்ணா இருந்து, பக்கத்துல நின்ன பிள்ளை விரலைக் கவனிக்காம பட்டுன்னு சாத்தினியே. அவ அழுததைவிட நீ அழுததுதான் அதிகம். உன் புதுக் கைக்குட்டையைக் கிழிச்சு நீயேதான் கட்டினே. அந்தக் கைக்குட்டை நெசவுதான் சுவர்ல இருக்கு. நீ போட்ட கட்டைப் பார்த்து, நீயே சபதம்னு ஒரு பக்கம் எழுதியிருக்கே. வாசிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உங்க அக்கா முகத்தைப் பார்த்ததும் போயிடுச்சு.

சரி, எழுதிட்டுப் போகட்டும், நம்ம பிள்ளைக்குப் பெருமைதானேன்னு நான் இருந்திருப்பேன். கடுகு போய் இருபத்தொன்பது வருஷம் ஆகுது. மூணே நாள் காய்ச்சல். நீதான் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினே, உன் செருப்பு ஒண்ணு வழியிலேயே கழன்று விழுந்ததுகூட உனக்குத் தெரியலை. அவளை வெச்சு எடுத்தது ஒரே ஒரு போட்டோ. அதுலயும் கழுதை, சரியா அந்த நேரம் பார்த்துத் தும்மித் தொலைச்சா. கவுன் தெளிவா இருக்கு, முகம் இல்லை. அதனால உங்க அக்காவுக்குப் பிள்ளைன்னு இருந்தது அந்தச் சுவர்தான். நான் வேலையில இருந்தவரைக்கும் தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவா. நான் சாப்பிடுற நேரத்துல வடக்கு அறைக்குப் போய் அந்தக் கை மேல தன் கையை வெச்சுட்டு நிப்பா. அப்புறம் தூக்கைக் கழுவி எடுத்துட்டுப் போயிடுவா. ஓய்வுபெற்ற பிறகு வாரம் ஒரு தடவை, நொண்டி நொண்டி ரெண்டு பேருமா.

இப்போ அங்கே கண்ணாடி போட்டாச்சு, கயிறு கட்டியாச்சு, விளக்கு வெச்சாச்சு. போன மாசம் போனோம். பழக்கதோஷத்துல உங்க அக்கா கயிறைத் தூக்கிட்டு உள்ளே போயிட்டா. எனக்கு அப்புறம் வந்த புதுக் காவலாளி, 'அம்மா, தொடாதீங்க! இது அறுநூறு வருஷத்துப் பொக்கிஷம், ஆளாளுக்குக் கை வெச்சா என்னத்துக்கு ஆகும்?'னு அதட்டினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அதே வசனத்தை முப்பது வருஷம் நான் எத்தனை ஆயிரம் பேர்கிட்ட கத்தியிருப்பேன். அன்னிக்குத்தான் முதல் தடவை அது எப்படி இருக்கும்னு காதுல விழுந்துச்சு. உங்க அக்கா 'தெரியாமப் பண்ணிட்டேன்பா'ன்னு சொல்லிட்டுக் கையை முந்தானையில சுருட்டிக்கிட்டா.

அதையும் பொறுத்துக்கிட்டோம். ஆனா உன் கட்டுரையோட கடைசி வரியில ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கே பாரு. அந்தச் சுவர்த் துண்டை அப்படியே அறுத்தெடுத்து, தலைநகர் அருங்காட்சியகத்துல, உலக நாடுகள் எல்லாத்துல இருந்தும் வர்ற கைத்தடங்களோட சேர்த்து நிரந்தரமா வைக்கப்போறாங்கன்னு. வர்ற மாசம் ரம்பம் வருதாம். எங்க முழங்காலை வெச்சுக்கிட்டு நாங்க பஸ் ஸ்டாண்டு போறதே பெரும்பாடு. தலைநகருக்கு எங்கே வர்றது?

நான் வாயைத் திறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. சட்டம் எனக்கு மனப்பாடம். பழைய சின்னத்துல பின்னாடி வந்தவங்க எழுதினது, கிறுக்கினது, பதிச்சது எல்லாம் 'பிற்காலச் சேர்க்கை'. அகற்றப்பட வேண்டும். நானே எத்தனை பேர் பேரைச் சுரண்டியிருக்கேன். இதயம் வரைஞ்சு அம்பு விட்ட ஒரு ஜோடி, பத்து வருஷம் கழிச்சு கல்யாணம் பண்ணிப் பிள்ளையோட வந்து சுவரைத் தடவித் தடவித் தேடினாங்க. 'அதான் ஒழுங்கா குடும்பம் நடத்துறீங்களே, அப்புறம் சுவர் எதுக்கு?'ன்னு நக்கல் பண்ணி அனுப்பினேன். பாவம், அவங்க முகம் இப்போ ஞாபகம் வருது. அதனால சொன்னா சுரண்டிடுவாங்க, சொல்லலைன்னா அறுத்துட்டுப் போயிடுவாங்க. இருதலைக் கொள்ளி எறும்புன்னு சும்மா சொல்லிட்டுப் போறோம், அது எந்தப் பக்கம் ஓடும்னு அதையே கேட்டாத்தான் தெரியும்.

யோசிச்சு யோசிச்சு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். நீ உண்மையை இதழ்ல போடு. முப்பத்தொரு வருஷத்துப் பதிவேட்டை எடுத்துப் பார், அந்த ரத்தான வரி இருக்கும், கையெழுத்து என்னுடையது. போட்டுட்டு, அதிகாரிகள்கிட்ட நீயே நேர்ல பேசி, சுரண்டாம அந்த மூலையிலேயே விட்டுடச் சொல்லு. கண்ணாடி வேண்டாம், விளக்கு வேண்டாம், பலகை வேண்டவே வேண்டாம். உன் பேச்சுக்கு அங்கே மரியாதை இருக்கு. என்னைப் பொய் சொன்னதுக்கு என்ன வேணாலும் பண்ணிக்கட்டும், இந்த வயசுல என்னைப் பிடிச்சு உள்ளே வெச்சா அவங்களுக்குத்தான் மருந்துச் செலவு.

ஆகவே, மேற்படி பிழையைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுமாறு ஆசிரியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் படித்து, நிமிர்ந்து, நூறு வயசு தாண்டி வாழட்டும். பீரோ, கார், எந்தக் கதவைச் சாத்தினாலும் ஒரு தடவை பார்த்துச் சாத்தச் சொல்லு.

இப்படிக்கு,
கோட்டைக் காவலாளி (ஓய்வு)
அசம்பாவிதம் ஏதுமில்லை என்று முப்பது வருஷம் எழுதியவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்துல உங்க அக்கா, 'தபால்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்'னா. போனோம். வடக்கு அறையில வேற ஒரு குடும்பம் நின்னுச்சு. புருஷன் பலகையை வாசிச்சுச் சொல்லிக்கிட்டிருந்தார். அந்தப் பொண்ணு கண்ணாடியைவிட்டு அசையவே இல்லை. கடைசியில யார்கிட்டயோ கேக்குற மாதிரி, 'பாவம், இதோட அம்மா எப்படி இருந்தாளோ?'ன்னா. உங்க அக்கா பக்கத்துலதான் நின்னா. 'இருந்திருப்பாம்மா, எப்படியோ இருந்திருப்பா'ன்னா.

வெளியே வந்து படியில உட்கார்ந்தோம். 'கடிதம் வேண்டாங்க'ன்னா. ஏன்டின்னேன். 'இத்தனை வருஷத்துல அவளைப் பத்தி வெளி ஆள் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்காங்களா? இன்னிக்கு ஒருத்தி கேட்டா. நம்ம பிள்ளைன்னு சொன்னா, நாம இருக்கிறவரைக்கும்தான் இருப்பா. யாரோ பெத்ததுன்னு இருந்தா, நமக்கு அப்புறமும் பார்க்க ஆள் வரும்'னா. நான் கையில இருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'உயிரோட இருந்திருந்தா இந்நேரம் ஏதோ ஒரு ஊருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்க மாட்டோமா? அப்படி நினைச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டு, எழுந்திருக்க என் கையைக் கேட்டா.

எழுதினதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால அப்படியே அனுப்புறேன்.

மேலே கண்டது ரத்து.

கை அறுநூறு வருஷத்துக் கைதான். யார் பெற்றதோ தெரியாது. பலகையில இருக்கிறபடியே இருக்கட்டும், விரல் விஷயத்தையும் நீ மனசுல போட்டுக் குழப்பிக்காதே, அவ சுவர்ல கை வெச்ச ரெண்டே நாள்ல அந்தக் கட்டைக் கழட்டிப் போட்டுட்டு மாமா எங்கேன்னுதான் தேடினா.

உங்க அக்கா உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னா. அந்த அருங்காட்சியகம் உன் ஆபீஸ்ல இருந்து ரெண்டு தெருதானாமே. வேலை விட்டுப் போறப்போ எட்டிப் பாரு. தொட விடமாட்டாங்க, பரவாயில்லை, சும்மா கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போ. முதல் வாரம் மட்டும் தினமும் போ மாப்பிள்ளை. புது இடம்னா அவளுக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும்.